டியூப் லைட் உபயம்

எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் ஒரு டியூப் லைட் இருந்தது. வாங்கிக் கொடுத்தவர் தன் பெயர், இனிஷியல், கடைப் பெயர், தெருப் பெயர் எல்லாவற்றையும் அந்தக் குழாய் மேலேயே சிவப்புப் பெயின்ட்டால் எழுதச் சொல்லிவிட்டார். எழுத்துகளுக்கு நடுவே மிச்சமிருந்த சந்துகள் வழியாகத்தான் பிள்ளையாருக்கு வெளிச்சம். இதை ஒரு ஜோக்காக நீங்களும் கேட்டிருப்பீர்கள். நான் அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தவன். அதனால் சிரிப்பு கொஞ்சம் குறைவாகத்தான் வரும்.

போன வருஷம் அந்த டியூப் லைட் மறுபடி ஞாபகத்துக்கு வந்தது.

தென்மாவட்டத்தில் ஒரு ஊர். கபடிப் போட்டி. பரிசளிப்பு விழாவுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கும் கபடிக்கும் உள்ள சம்பந்தம், பள்ளிக்கூடத்தில் ஒருமுறை பிடிபட்டு மூச்சு முட்டியதோடு சரி. இருந்தாலும் போனேன். போட்டியை நடத்த உதவியது அந்த ஊர்க் கம்பெனி. பெயர் வேண்டாம். நல்ல சரக்குதான் செய்கிறார்கள், என் வீட்டிலேயே இருக்கிறது.

மைதானத்தில் நான் எண்ணிய வரை 32 ஃபிளெக்ஸ். ஆட்டக்காரர்கள் முதுகில் கம்பெனி, நெஞ்சில் கம்பெனி. பெஞ்சுக்குப் பின்னால், மேடைக்கு முன்னால், குடிதண்ணீர் கேனில்கூட கம்பெனி. தொகுப்பாளர் பெண் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கம்பெனிப் பெயரைச் சொன்னார். ஜெயித்த அணியின் கேப்டன் பெயரை ஒரே ஒரு தடவை சொன்னார், அதுவும் தப்பாக.

கடைசியில் அந்தக் கேப்டன் கையில் ஒரு செக் கொடுத்தோம். ஐந்தடி நீளம், தெர்மகோல். அதில் ரூ.50,000 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நான் ஒரு முனை, நிர்வாக இயக்குநர் ஒரு முனை, நடுவில் பையன். மூன்று பேரும் இளித்தோம். போட்டோ எடுத்தார்கள். மறுநாள் பேப்பரிலும் வந்தது.

நாலு மாசம் கழித்து ஒரு போன். “சார், அன்னிக்கு நீங்க குடுத்தீங்கள்ல செக்கு...”

“ஆமாம் தம்பி, சொல்லுங்க.”

“நெசச் செக்கு இன்னும் வரலை சார். கேட்டா ஏஜென்சியக் கேளுங்கறாங்க. ஏஜென்சியில கேட்டா கம்பெனியக் கேளுங்கறாங்க. நீங்கதான சார் குடுத்தீங்க, அதான்...”

அவன் முழங்காலில் ஜவ்வு கிழிந்திருக்கிறதாம். கபடியில் அடிக்கடி நடப்பதுதான். பரிசுப் பணத்தில் அவன் பங்கை வைத்து ஸ்கேன் எடுப்பதாக இருந்தான்.

கம்பெனியில் விசாரித்தேன். ஒரு மேனேஜர் ஒளிக்காமல் பேசினார். “சார், ஈவென்ட்டுக்குன்னு ஒதுக்கினது ஸ்டேஜ், எல்.இ.டி. ஸ்க்ரீன், ஃபிளெக்ஸ், பேப்பர் விளம்பரம்னு முடிஞ்சுபோச்சு. பிரைஸ் மணி அடுத்த குவார்ட்டர்ல போடலாம்னு இருந்தாங்க. அப்புறம் யாரும் ஃபைலை எடுக்கலை.”

கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் ஒரு பெரிய உண்மை இருந்தது. அந்தக் கம்பெனி கபடிக்குச் செலவு செய்யவே இல்லை. கபடி நடக்கும் இடத்தில் தனக்குச் செலவு செய்துகொண்டது.

இதை விளம்பரம் என்று சொல்லியிருந்தால் எனக்கு ஒரு புகாரும் இல்லை. விளம்பரம் பாவம் இல்லை. நீங்கள் படிக்கிற இந்தப் பத்திரிகையே விளம்பரத்தில்தான் ஓடுகிறது. ஆனால் மேடையில் அன்று எல்லோரும் பேசியது சமூகப் பொறுப்பு, சேவை, தொண்டு. நானும் பேசினேன். அதுதான் உறுத்துகிறது.

நம்மிடம் மூன்று வார்த்தைகள் உண்டு. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியாமல் செய்தால் தர்மம். கொடுத்துவிட்டுப் பெயரை ஓரமாகப் போட்டுக்கொண்டால் உபயம். பெயரைப் போடுவதற்காகவே கொடுத்தால் விளம்பரம். மூன்றுமே நடக்கட்டும். ஸ்பான்சர் என்ற ஒரே வார்த்தையை இறக்குமதி செய்து மூன்றையும் அதில் போட்டுக் குலுக்கியதில்தான், எது எது என்று நமக்கும் தெரியவில்லை, அவர்களுக்கும் தெரியவில்லை.

ஆச்சரியம் என்னவென்றால், நம் சட்டத்துக்கு இந்த வித்தியாசம் தெரியும். 2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம், 135-வது பிரிவு. 500 கோடி நிகர மதிப்பு, அல்லது 1,000 கோடி விற்றுமுதல், அல்லது 5 கோடி நிகர லாபம் - இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவிகிதத்தைப் பொதுக் காரியத்துக்குச் செலவிட வேண்டும். சி.எஸ்.ஆர். என்று நாம் காதில் கேட்பது இதைத்தான். 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. கல்வி, மருத்துவம், கிராமப்புற விளையாட்டு, ஒலிம்பிக், பாராலிம்பிக் ஆட்டங்களுக்குப் பயிற்சி எல்லாம் பட்டியலில் உண்டு. கம்பெனி இருக்கிற வட்டாரத்துக்கு முதலில் செய் என்றும் அதே பிரிவு சொல்கிறது. உள்ளூருக்குச் செய்வது வெறும் நல்லெண்ணம் என்று நினைத்துக்கொண்டிருந்தீர்களானால், சட்டமே அதை எழுதி வைத்திருக்கிறது.

அடுத்த இரண்டு மாசத்தில், 2014 ஜூனில், மத்திய அரசு ஒரு சுற்றறிக்கை விட்டது. ஒருநாள் கூத்தாக நடக்கும் மாரத்தான், விருது விழா, டி.வி. நிகழ்ச்சி ஸ்பான்சர், விளம்பரம் இதெல்லாம் இந்தக் கணக்கில் வராது என்றது. 2021 ஜனவரியில் விதியிலேயே எழுதிவிட்டார்கள்: தன் சரக்கை விற்பதற்காகச் செய்யும் ஸ்பான்சர்ஷிப் சமூகப் பொறுப்பு ஆகாது. வரியிலும் இதே பிரிவினைதான். விளம்பரச் செலவைத் தொழில் செலவாகக் கழித்துக்கொள்ளலாம். சி.எஸ்.ஆர். செலவை அப்படிக் கழிக்க முடியாது என்று 2014-லேயே திருத்தம் வந்தாயிற்று.

ஆக, கணக்குப் புத்தகத்தில் இரண்டும் வேறு வேறு பக்கம். மேடையில் மட்டும் ஒரே பக்கம். ஆடிட்டருக்குத் தெரிந்த விஷயம் நமக்குத் தெரியாததால் கை தட்டுகிறோம்.

எல்லாரையும் ஒரே தராசில் போடவும் கூடாது. உதாரணத்துக்கு எம்.ஆர்.எஃப். 1946-ல் திருவொற்றியூரில் கே.எம்.மாமன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்த இடத்திலிருந்து வளர்ந்த கம்பெனி. டெண்டுல்கர் மட்டையில் அந்த மூன்று எழுத்தை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். அது சுத்தமான விளம்பரம். தெருவில் ஆடின பையன்கள் தங்கள் மட்டையிலும் அதை இங்க் பேனாவால் வரைந்துகொண்டார்கள். டயர் கம்பெனிக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அதே கம்பெனி 1987-ல் சென்னையில் வேகப்பந்துப் பயிற்சி மையம் ஒன்றைத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லியைக் கூட்டி வந்தது. நம் ஊர் டி.ஏ.சேகர் கூட நின்று பார்த்துக்கொண்டார். கபில்தேவை விட்டால் வேகத்துக்கு ஆள் இல்லை என்று நாடே புலம்பிய காலம். ஸ்ரீநாத், வெங்கடேஷ் பிரசாத், ஜாகீர் கான் எல்லாம் அங்கே பயின்று போனவர்கள். வேகப்பந்து வீசும் ஆசையில் வந்த ஒரு பம்பாய்ச் சிறுவனிடம் மட்டும் லில்லி, “நீ மட்டையைக் கவனி” என்று சொல்லி அனுப்பிவிட்டார். டெண்டுல்கர்தான். 2012-ல் லில்லி போய் மெக்ராத் வந்தார்.

ஒரே கம்பெனி, ஒரே ஆட்டம். மட்டையில் ஒட்டியது விளம்பரம். மைதானத்தில் செய்தது வேறு ஜாதி. வித்தியாசம் தொகையில் இல்லை, வருஷத்தில் இருக்கிறது. ஸ்டிக்கரை ஒரே நாளில் ஒட்டலாம். ஒரு வேகப்பந்து வீச்சாளரை உருவாக்கப் பல வருஷம் ஆகும். அதில் பாதிப் பேர் காயத்தில் காணாமல் போவார்கள் என்று தெரிந்தும் கம்பெனி அங்கே நிற்க வேண்டும்.

அறப்பணியிலும் இதே கணக்குதான். முருகப்பா குழுமத்தின் பெயரை ஹாக்கி ரசிகர்கள் அறிவார்கள். 1901-ல் தொடங்கிய எம்.சி.சி. கோப்பைப் போட்டியோடு அந்தப் பெயர் சேர்ந்து, எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் வருஷா வருஷம் கேட்கும். ஆனால் அம்பத்தூரில் அவர்களுடைய அறக்கட்டளை நடத்தும் சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு ஆஸ்பத்திரி எத்தனை பேருக்குத் தெரியும்? சைக்கிள் தொழிற்சாலை இருந்த பகுதியில் 1966-லிருந்து நடக்கிறது. வைத்திருக்கும் பெயர்கூட முதலாளிக் குடும்பத்தினுடையது இல்லை, அவர்களோடு தொழிலில் கூட்டுச் சேர்ந்த இங்கிலாந்துக்காரருடையது. பிரசவ வார்டில் படுத்திருக்கிற பெண்ணுக்கு அந்தப் பெயரை உச்சரிக்கத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

இன்னொரு வகை உபயம் உண்டு. அதை யாரும் உபயம் என்று சொல்வதே கிடையாது. சம்பளம்.

சென்னை கிரிக்கெட் லீகில் கம்பெனி அணிகள் பல பத்தாண்டுகளாக உண்டு. கெம்பிளாஸ்ட் சன்மாரின் ஜாலி ரோவர்ஸ், இந்தியா சிமென்ட்ஸ் என்று. கிரிக்கெட்டுக்கு வெளியே வந்தால் இந்தியன் பேங்க், ஐ.ஓ.பி., தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப். ஃபுட்பால், ஹாக்கி, வாலிபால், பாஸ்கெட்பால் ஆடிய எத்தனையோ பையன்களுக்கு அங்கே ஒரு வேலை கிடைத்தது. காலையில் ஆபீஸ், மதியம் பிராக்டீஸுக்கு பர்மிஷன், கால் உடைந்தால் மெடிக்கல் லீவு, ஆட்டம் முடிந்தபின் பென்ஷன். அந்தப் பையனின் தங்கை கல்யாணத்தை நடத்தி வைத்தது எந்த ஃபிளெக்ஸும் இல்லை, அந்தச் சம்பள ரசீதுதான். ‘இப்போ முன்ன மாதிரி ஆள் எடுக்கறதில்லை சார்’ என்பதுதான் எந்த மைதானத்துக்குப் போனாலும் நான் கேட்கும் முதல் புலம்பல்.

வேலை போய் அந்த இடத்தில் ஸ்பான்சர் வந்தால் என்ன ஆகும்? பெரிய இடத்து உதாரணம் ஒன்றைப் பாருங்கள். இந்திய கிரிக்கெட் அணியின் சட்டை. முதலில் வில்ஸ், சிகரெட். 2001-ல் விலகினார்கள், 2003-ல் புகையிலை விளம்பரத்துக்கே தடைச் சட்டம் வந்தது. பிறகு 2013 வரை சஹாரா. ஸ்டார், ஓப்போ வந்து போயின. 2019-ல் பைஜூஸ். பாக்கி 158 கோடி தரவில்லை என்று கிரிக்கெட் வாரியம் தீர்ப்பாயத்துக்குப் போய், 2024-ல் அந்தக் கம்பெனி திவால் நடவடிக்கைக்குள் போனது. 2023-ல் வந்த ட்ரீம் லெவன், 2025 ஆகஸ்ட்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடை வந்ததும் விலகியது. அடுத்த மாசமே அப்போலோ டயர்ஸ் வந்தது.

உலகத்திலேயே பணக்கார கிரிக்கெட் வாரியம். அதற்கே ஸ்பான்சர் பாக்கி வைக்கிறார். ஆனால் அவர்களிடம் வக்கீல் இருக்கிறார், ஒப்பந்தம் இருக்கிறது, ஒருவர் போனால் வாசலில் அடுத்தவர் நிற்கிறார். என் கபடிக் கேப்டனிடம் என்ன இருக்கிறது? ஐந்தடி தெர்மகோல்.

கம்பெனிகளை மட்டும் திட்டுவது சுலபம். போட்டி நடத்துகிறவர்களையும் கேட்க வேண்டும். நாம் ஸ்பான்சரிடம் போய் எதைக் கேட்கிறோம்? மேடை, கோப்பை, டி-ஷர்ட். கண்ணில் படுகிற எல்லாம். ஷூ, பஸ் செலவு, முட்டை, முழங்கால் சிகிச்சை இதெல்லாம் கேட்பதில்லை. கேட்டாலும் “அதுல மைலேஜ் இல்லையே சார்” என்பார்கள் என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம்.

டெர்ரி ஃபாக்ஸ் என்ற கனடா நாட்டுப் பையனைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் அவன் பெயரில் ஓட்டம் நடந்திருக்கிறது. புற்றுநோயில் ஒரு காலை இழந்தவன். 1980-ல் செயற்கைக் காலோடு, புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடினான். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்த வருஷம் இறந்துபோனான். அவனுக்கும் கம்பெனிகள் உதவின. ஃபோர்டு வண்டி கொடுத்தது, அடிடாஸ் ஷூ கொடுத்தது. வாங்கிக்கொண்டான். ஆனால், “எங்கள் பொருள் நல்லது என்று சொல்லு” என்று நிபந்தனை போட்ட கம்பெனிகளைத் திருப்பி அனுப்பிவிட்டான். உதவி கேட்கிறவனுக்கும் வேண்டாம் என்று சொல்ல உரிமை இருக்கிறது. அதைச் சொல்ல இரண்டு கால்கூடத் தேவைப்படவில்லை.

அதே கபடி ஊரில் ஒரு பாத்திரக் கடைக்காரரைச் சந்தித்தேன். அவருக்கு 2 சதவிகிதச் சட்டமெல்லாம் கிடையாது, 5 கோடி லாபத்தைக் கனவிலும் பார்க்காதவர். பதினோரு வருஷமாக அந்த அணிக்கு வருஷத்துக்குப் பன்னிரண்டு ஜோடி ஷூ வாங்கித் தருகிறார். போட்டி நாட்களில் மதியச் சாப்பாடும் அவருடையது. நோட்டீஸில் அவர் பெயரைத் தேடினேன். இல்லை.

“ஏன் அண்ணாச்சி, பேர் போட வேண்டியதுதானே?”

“போட்டா சொந்தக்காரன் பூரா நன்கொடை நோட்டைத் தூக்கிட்டு வந்துருவான் சார்” என்றார். அப்புறம் கொஞ்சம் சும்மா இருந்துவிட்டு, “நம்ம தெருப் பயலுவ. அவனுவளுக்குத் தெரியும்லா, அது போதும்.”

பையனுக்கு ஸ்கேன் எடுத்ததும் அவர் காசில்தான். அதைப் பையன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன், அவர் சொல்லவில்லை.

உங்களுக்கு ஒரு சின்ன வேலை. அடுத்த தடவை உங்கள் ஊர்க் கம்பெனி ஏதாவது போட்டிக்கோ அனாதை இல்லத்துக்கோ ஆதரவு என்று பேனர் வைத்தால், முகம் சுளிக்க வேண்டாம். மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். எத்தனை வருஷமாக? விழாவுக்கு எவ்வளவு, ஆட்டக்காரனுக்கு எவ்வளவு? பேனரைக் கழற்றினால் என்ன மிஞ்சும்? சட்டத்துக்கு உட்பட்ட கம்பெனியாக இருந்தால், சமூகப் பொறுப்புக்கு எவ்வளவு செலவிட்டது என்று ஆண்டறிக்கையில் போட்டாக வேண்டும். எந்தெந்தக் காரியங்களுக்கு என்பதை வெப்சைட்டில் காட்ட வேண்டும். ஷேர் வைத்திருப்பவர்கள்தான் கேட்க வேண்டும் என்றில்லை. சோப்பு வாங்குகிற நீங்களும் கேட்கலாம். சோப்பில் அந்தப் பேனருக்கான காசும் இருக்கிறது.

இந்த வருஷப் போட்டிக்கும் எனக்கு அழைப்பு வந்தது. “போன வருஷச் செக்கைக் கொடுத்துவிட்டால் வருகிறேன்” என்று ஒரு வரி பதில் போட்டேன். நாலாவது நாள் அணியின் கணக்கில் பணம் ஏறிவிட்டது, முழுசாக. ஒரு வரிக்கு இவ்வளவு சக்தி இருப்பது தெரிந்திருந்தால் முதல் போனிலேயே எழுதியிருப்பேன். அந்தத் தப்பு என்னுடையது. ஆபரேஷன் தள்ளிப்போனதில் பையனுக்கு இந்த சீசன் போய்விட்டது. அடுத்த வருஷம் ஆடுவானா என்பதை டாக்டர் இன்னும் சொல்லவில்லை.

போட்டிக்குப் போனபோது அவன் வீட்டுக்கும் போனேன். ஓட்டு வீடு, மேற்குப் பார்த்த ஜன்னல். சாயங்கால வெயில் உள்ளே வராமல் இருக்க, அந்தத் தெர்மகோல் செக்கை ஜன்னலில் அடைத்து வைத்திருந்தார்கள். எழுத்து தெருப் பக்கம்.

கம்பெனிப் பெயர் இன்னும் பளிச்சென்று தெரிகிறது. உள்ளேதான் கொஞ்சம் இருட்டு.